மெழுகில் என்ன கலந்தது

துப்பாக்கிக் குண்டு என்றால் ஈயம் நினைவுக்கு வரும், வெடிமருந்து நினைவுக்கு வரும், ரத்தம் நினைவுக்கு வரும். மெழுகு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் உட்புறம் சுருள்வரி வெட்டிய குழலில் வெறும் காரீயக் குண்டைச் சுட வேண்டுமென்றால் அதன்மேல் எதையாவது தடவியாக வேண்டும். ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, எந்திர கிரீஸ், இப்போது வண்ணப் பொடி என்று தடவுகிற பொருள் மட்டும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. குண்டைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய படலத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் என்ன?

அமெரிக்காவில் தமக்கு வேண்டிய குண்டைத் தாமே வார்த்துக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அங்கே அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேசை, மேசைமேல் மின்சாரத்தில் சூடேறும் சிறிய உருக்குச் சட்டி. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்பவர் 370, 400 வரைக்கும் ஏற்றி வைத்துக்கொள்வார். உருகிய உலோகத்தின்மேல் சாம்பல் நிறத்தில் ஏடு படியும். சுண்டைக்காய் அளவு மெழுகைப் போட்டுக் கிளறினால் குப்பென்று புகைந்து, தீப்பற்றி, அடங்கும். ஏட்டில் சிக்கியிருந்த வெள்ளீயம் கலவைக்குள் திரும்ப இறங்கும். மிஞ்சிய கசடைக் கரண்டியால் வழித்தெடுத்துத் தகர டப்பாவில் தட்டுவார்.

பிறகு அச்சு. இரண்டாகத் திறக்கும் இரும்பு அல்லது அலுமினிய அச்சு, தலையில் ஒரு மூடித் தகடு. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின்மேல் சுருக்கம் விழும். அதிகம் சூடேறிவிட்டால் பளபளப்புப் போய் மங்கலாக வந்து விழும். கைப்பழக்கம் உள்ளவர் அந்த நிறத்தைப் பார்த்தே கையின் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். மரச் சுத்தியலால் தகட்டைத் தட்டி, அச்சைத் திறந்து, மடித்த துணியின்மேல் குண்டைக் கவிழ்ப்பார். ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால் அதன் இடுப்பைச் சுற்றி ஒன்றிரண்டு பள்ளங்கள் ஓடியிருக்கும். அவை அழகுக்காக வெட்டியவை அல்ல. மெழுகு உட்காரும் இடம் அது.

உலோகம் எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. கார் சக்கரத்தின் விளிம்பில் சமநிலைக்காகப் பொருத்தும் ஈயக் கட்டிகள் நெடுங்காலம் இவர்களுக்குக் கைகொடுத்தன. இன்னொரு பெரிய வாய்க்கால் அச்சகம். மெர்கந்தாலர் உருவாக்கிய லைனோடைப் எந்திரம் 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கியது. காரீயம் 84 பங்கு, ஆன்டிமனி 12 பங்கு, வெள்ளீயம் 4 பங்கு என்பது அந்த எந்திரத்தில் வரிகளை வார்த்த கலவை. எந்திரங்கள் ஓய்ந்தபின் அந்த உலோகம் குண்டு வார்ப்பவர்களின் சட்டிக்கு வந்து சேர்ந்தது. தலையங்கமாகவும் மரண அறிவிப்பாகவும் விளம்பரமாகவும் இருந்தது குண்டாக உருண்டது. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ உட்பட நம் பழைய சிறுபத்திரிகைகளும் ஈய அச்சில் கோத்தவைதான். காரீயம் எதற்கும் மறுப்புச் சொல்லாத உலோகம்.

*

மறுப்புச் சொல்லாமல் வளைந்துகொடுப்பதுதான் அதன் சிக்கலும். தூய காரீயத்தில் நகத்தால் கீறினாலே தடம் விழும். குழலோ எஃகு. பின்னாலிருந்து வாயு உந்த, சுருள்வரிகள் பிடித்துத் திருக, கண் இமைப்பதற்கும் குறைந்த நேரத்தில் குண்டு குழலைக் கடந்து வெளியேறுகிறது. அந்த ஓட்டத்தில் அதன் தோலில் கொஞ்சம் உரிந்து குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். அடுத்த குண்டு அந்த அப்பலின்மேல் உராய்ந்து இன்னும் கொஞ்சம் உரியும். கொஞ்ச நேரத்தில் குறி தவறும். அன்று மாலை குழலுக்குள் செப்புக் கம்பிச் சுருணையை விட்டுத் தேய்த்துத் தேய்த்து வெள்ளித் துகளாக ஈயத்தை வெளியே கொண்டுவர வேண்டும். ஒருமுறை அப்படித் தேய்த்தவர் மெழுகின் அருமையை மறக்க மாட்டார்.

ஈயம் ஏன் அப்புகிறது என்பதில் இவர்களுக்குள் ஒரு நீண்ட வழக்கு நடக்கிறது. உராய்வுதான் காரணம் என்பது ஒரு கட்சி. குண்டு குழலைச் சரியாக அடைக்காதபோது இடுக்கு வழியாகச் சூடான வாயு பீறிட்டு ஈயத்தை அரித்துக்கொண்டு போகிறது, மெழுகின் வேலை வழுக்குவதைவிட அடைப்பதே என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. குண்டின் விட்டம் குழலின் உள்விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது கூட இருக்கவேண்டும். அது பொருந்திவிட்டால் சுமாரான மெழுகே போதும். அது பொருந்தாவிட்டால் உலகத்தில் எந்த மெழுகும் காப்பாற்றாது.

மெழுகுக் கலவைக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு செய்முறை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க தேசிய ரைபிள் சங்கத்தின் பத்திரிகை ஒரு கலவையைப் பிரபலமாக்கியது. துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரித்த ‘அலாக்ஸ்’ என்ற தொழிற்சாலைப் பசை பாதி, தேன்மெழுகு பாதி. பலர் இன்றும் அதையே உருக்குகிறார்கள். ஆட்டுக் கொழுப்பை விடாதவர்கள் இருக்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் குண்டுகளைத் தட்டில் நிறுத்திவைத்து உருகிய மெழுகை ஊற்றி, உறைந்தபின் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பார்கள். சிலர் கைப்பிடி வைத்த சிறு எந்திரத்தில் அழுத்திப் பள்ளத்துக்குள் மெழுகை ஏற்றுவார்கள். இன்னும் சிலர் பிளாஸ்டிக் கிண்ணத்தில் குண்டுகளைப் போட்டு, நாலு சொட்டுப் பசையை ஊற்றிக் குலுக்கி, காகிதத்தில் பரப்பி இரவெல்லாம் காயவிடுவார்கள். வெயில் காலத்தில் மெழுகு இளகி மருந்துக்குள் இறங்கிவிடக்கூடாது. குளிர் காலத்தில் விறைத்து உதிர்ந்துவிடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் செய்முறைகளும் அலைகின்றன.

நம்மூர் வண்டிக்காரர் வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போடுவாரே, அந்தச் சுபாவம்தான் இது. மையில் என்ன இருக்கிறது என்று அவரை யாரும் கேட்கவேண்டியதில்லை. எரித்ததும் அவர், குழைத்ததும் அவர், வண்டி கிறீச்சிட்டால் இறங்கித் தள்ளவேண்டியவரும் அவர். வீட்டில் குண்டு வார்ப்பவரின் மெழுகிலும் ரகசியம் இல்லை. கலந்தவரும் தொட்டவரும் பயன்படுத்துகிறவரும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

*

1850களுக்கு முன்பு வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய் கையில் இருந்தது உட்புறம் வழவழப்பான மஸ்கட். குழலைவிடக் குண்டு சிறிது. மேலே போட்டால் உருண்டு அடிக்குப் போய்விடும், கொழுப்பு தேவையில்லை. சுட்டால் எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாது. 100 கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தின் பாடு.

பிரெஞ்சுக்காரர் மினியே 1840களின் இறுதியில் கொண்டுவந்த குண்டு இதை மாற்றியது. கூம்பு வடிவம், அடியில் குழிவு. போடும்போது தளர்வாக இறங்கும். சுடும்போது வாயுவின் அழுத்தத்தில் அடிப்பாகம் விரிந்து சுருள்வரியைப் பற்றிக்கொள்ளும். இதன் வழியில் வந்ததுதான் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி. உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டு ஏறத்தாழ 34 கிராம். குண்டும் கருமருந்தும் ஒரே காகிதச் சுருளுக்குள் இருக்கும். சிப்பாய் காகிதத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, சுருளைத் திருப்பிக் குண்டிருக்கும் முனையை உள்ளே நுழைத்து, மிச்சக் காகிதத்தைக் கிழித்து, கம்பியால் இடிக்கவேண்டும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், அதில் ஒரு பகுதி கரியாகக் குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கரி இறுகினால் பத்துப் பன்னிரண்டு குண்டுக்குப் பிறகு அடுத்தது இறங்காது. ஆகவே குண்டிருக்கும் முனையில், காகிதத்துக்கு மேலே கொழுப்பு தடவினார்கள். கரியை இளக வைப்பதும் குண்டை வழுக்க வைப்பதும் அதன் வேலை.

கலவையில் விலங்குக் கொழுப்பு இருந்தது, தேன்மெழுகு இருந்தது. தொடக்கத்தில் கொழுப்பின் பங்கு மிகுதி, பின்னாளில் மெழுகின் பங்கு மிகுதி. அந்த மாற்றத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை. வெப்பநாடுகளில் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறிப்போனது. கொழுப்பின் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொருக்கு உண்டாக்கியது, பொருக்கால் குண்டு பருத்துக் குழலில் சிக்கியது. ஈயத்தின் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று பொறியாளர்கள் அக்கறையாகச் சோதித்தார்கள். கடிக்கிறவனின் உடம்புக்கும் மனத்துக்கும் எது ஒத்துக்கொள்ளும் என்பது அந்தச் சோதனைப் பட்டியலில் இல்லை.

எச்சரிக்கவே ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1853இல் கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இந்திய வெயிலைத் தாங்குமா என்று பார்க்க இங்கே அனுப்பப்பட்டன. வங்காளப் படையின் தலைமை அட்ஜுடன்ட் கர்னல் டக்கர், சாதிக்குக் குந்தகம் விளைவிக்காத கொழுப்பு என்று உறுதியாகத் தெரியாதவரை இவற்றைச் சிப்பாய்களிடம் கொடுக்காதீர்கள், வெள்ளைக்காரப் படையினரிடம் மட்டும் சோதியுங்கள் என்று அந்த டிசம்பரிலேயே எழுதினார். கோப்பு நகர்ந்தது, கருத்து நகரவில்லை. சிப்பாய்களின் தோட்டாப் பைகளில் மாதக்கணக்கில் வைத்திருந்து, கொழுப்பு உருகியதா இல்லையா என்று அறிக்கை எழுதி லண்டனுக்கு அனுப்பினார்கள்.

*

1857 ஜனவரி, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம். தோட்டா செய்யும் பட்டறையும் புதுத் துப்பாக்கிக்கான பயிற்சிக் கூடமும் அங்கே இருந்தன. பட்டறையில் வேலை செய்த ஒரு கலாசி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய சொம்பில் தண்ணீர் கேட்டார். தாழ்ந்த சாதிக்காரன் வாய் வைத்தால் தீட்டு என்று சிப்பாய் மறுத்தார். இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் சாதியே போகப்போகிறது, மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறீர்கள் என்று கலாசி திருப்பிச் சொன்னார். கேப்டன் ரைட் என்ற அதிகாரி ஜனவரி 22இல் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சம்பவம் இருக்கிறது. கலாசியின் பெயர் இல்லை. பிற்காலத் தலித் வரலாற்றெழுத்து அவரை மாதாதின் என்று அழைத்து, 1857இன் முதல் குரல் அவருடையது என்று உரிமை கொண்டாடுகிறது.

1857 பற்றிப் பேசும்போது நம் புத்தகங்கள் இந்தச் சம்பவத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. வதந்தி பரவியது என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நின்று பார்க்கவேண்டிய இடம் இதுதான். கொழுப்பில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஜனவரியில் இந்தியாவில் யாரிடம் பதில் இருந்தது?

அரசிடம் இல்லை. விசாரித்தபோது படைக்கலத் துறையின் தலைவர் கர்னல் அபட் ஜனவரி 29இல் தந்த பதில், ஆட்சேபத்துக்குரிய கொழுப்பு சேராமல் பார்த்துக்கொள்ளத் தனி முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பதே. கொழுப்பைத் தந்தது ஒப்பந்ததாரர். எந்த விலங்கின் கொழுப்பு என்று ஒப்பந்தம் கேட்கவில்லை. அதிகாரிகளுக்குத் தெரிந்தும் மறைத்தார்கள் என்பதைவிட, தெரிந்துகொள்ளவேண்டும் என்றே தோன்றவில்லை என்பதுதான் கோப்புகளில் தெரிகிறது. சிப்பாயிடமும் பதில் இல்லை, அவன் வாங்கிக்கொள்கிறவன் மட்டுமே. பதில் என்று ஒன்று இருந்தால் அது பட்டறைக்காரரிடம்தான் இருக்கவேண்டும். கொழுப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அவர்.

ஆக, அன்று அந்த அறிவு சாதி அடுக்கில் கீழிருந்து மேலே போனது. எந்த வாயின் தீட்டுக்குப் பயந்து சொம்பை மறைத்தாரோ அதே வாயிலிருந்துதான் தன் தீட்டைப் பற்றிய தகவலைச் சிப்பாய் பெற்றுக்கொண்டார். பெற்றதை நம்பவும் செய்தார். கர்னலை நம்பாதவர் கலாசியை நம்பினார். கலாசி சொன்னது உண்மையா, கோபத்தில் சொன்னதா என்பது இரண்டாம் பட்சம். தொட்டவனுக்குத் தெரியும் என்ற ஒரு பொதுப்புத்தி அங்கே வேலை செய்தது. அதே கலாசியின் கையும் நாளெல்லாம் அந்தக் கொழுப்பில் கிடந்தது. அந்தக் கைக்கு என்ன ஆகும் என்று சிப்பாய் கேட்கவில்லை, கர்னல் கேட்கவில்லை, பின்னால் வந்த தேசிய வரலாற்றுக்காரர்களும் கேட்கவில்லை. கொழுப்பைக் கடிப்பவனின் தீட்டு கலகத்துக்குக் காரணமானது. கொழுப்பைக் காய்ச்சுபவனின் தீட்டு அவன் பிறவிக்கணக்கில் எழுதப்பட்டது.

*

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் விசித்திரம். அரசு விட்டுக்கொடுத்தது, அதுவும் விரைவாக. ஜனவரி 27இலேயே உத்தரவு வந்துவிட்டது. பயிற்சிக் கூடங்களுக்கு இனிக் கொழுப்புத் தடவாத தோட்டாக்களே வரும், சிப்பாய்கள் தமக்கு உகந்த கலவையைத் தாமே தயாரித்துத் தடவிக்கொள்ளலாம். மெழுகும் எண்ணெயும் கடைத்தெருவில் வாங்கிக் கலக்கலாம் என்று கேட்டவர்களும் சிப்பாய்களே. அமெரிக்கக் கொட்டகையில் இன்று நடப்பதைத்தான் அரசு அனுமதித்தது. உன் மெழுகை நீயே உருக்கிக்கொள்.

பலிக்கவில்லை. சந்தேகம் அதற்குள் கொழுப்பிலிருந்து இறங்கிக் காகிதத்தில் ஏறிவிட்டது. பிப்ரவரி 6இல் பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் காகிதம் பழைய மாதிரி இல்லை என்றார்கள். விறைப்பாக இருக்கிறது, பளபளக்கிறது, கொளுத்தினால் சீறுகிறது என்றார்கள். ரசாயனப் பரிசோதகர் சோதித்துவிட்டுக் கொழுப்பு இல்லை என்றார். சோதித்தவர் யார், யாருடைய சம்பளக்காரர் என்பது தெரிந்த பிறகு சோதனை முடிவுக்கு என்ன மதிப்பு? மார்ச் மாதம் கடிக்கவே வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறையையே மாற்றினார்கள். இத்தனை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் முதலில் ஏதோ இருந்திருக்கத்தான் வேண்டும் என்று அதற்கும் அர்த்தம் எடுத்துக்கொள்ளப்பட்டது. மார்ச் 29இல் மங்கள் பாண்டே பாரக்பூர் அணிவகுப்புத் திடலில் சுட்டார். ஏப்ரல் 8இல் தூக்கிலிடப்பட்டார்.

ஏப்ரல் 24, மீரட். மூன்றாம் குதிரைப்படையின் 90 பேரை வரிசையில் நிறுத்தினார் கர்னல் கார்மைக்கேல் ஸ்மித். கடிக்காமல் கையால் கிழிக்கும் புது முறையைக் காட்டத்தான் அந்த அணிவகுப்பு. கொடுத்த தோட்டாவும் வெகுகாலமாக அவர்கள் பயன்படுத்திவந்த பழைய வகை. அதில் என்ஃபீல்டும் இல்லை, கொழுப்பும் இல்லை, கடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9இல் பாசறை பார்க்க அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். பெரும்பாலோருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மீரட் எரிந்தது.

கொழுப்பே இல்லாத தோட்டாவுக்காக ஒரு சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டது என்று சொல்லி இதை மூடநம்பிக்கையின் கணக்கில் எழுதிய வெள்ளைக்கார ஆசிரியர்கள் பலர். நிலவரி, அயோத்தி இணைப்பு, சம்பளம் என்று ஆழமான காரணங்களை அடுக்கி, தோட்டாவை வெறும் தீப்பொறி ஆக்கிய நம்மவர்களும் பலர். இரண்டு தரப்பும் கொழுப்பை அற்பமாக்கிவிடுகின்றன. எனக்கு அது அற்பமாகத் தோன்றவில்லை. நீ கடிக்கிற பொருளில் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டிய கடமை எனக்கு இல்லை என்று நினைத்தவன் ஒருவன். அப்படி நினைக்கிறவன் நாளைக்கு எதையும் கலப்பான் என்று புரிந்துகொண்டவன் இன்னொருவன். நிலவரியிலும் அயோத்தியிலும் நடந்ததும் இதுவே. தோட்டாவில் அது வாய்க்கே வந்துவிட்டது, அவ்வளவுதான். சந்தேகம் முளைத்தபின் கலவையைக் கையில் கொடுத்தால் அது உரிமையாகத் தெரியாது, தந்திரமாகத்தான் தெரியும். உன் மெழுகை நீயே உருக்கிக்கொள் என்ற அனுமதி 1853இல் வந்திருக்கவேண்டும்.

1853 கூட வேண்டாம், 1806 ஜூலை 10 போதும். வேலூர்க் கோட்டையில் சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்ததற்கு முன் வந்தது ஓர் உடை உத்தரவு. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம். அது எந்த மிருகத்தின் தோல் என்று அங்கேயும் கேட்டார்கள், கேட்டவர்களுக்கு அங்கேயும் தண்டனை கிடைத்தது. எழுச்சிக்குப் பின் ஆளுநர் பென்டிங்கையும் படைத்தலைவர் கிராடக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள், உத்தரவையும் திரும்பப் பெற்றார்கள். பாடம் மட்டும் வேலூரிலேயே தங்கிவிட்டது. 51 ஆண்டுகளில் தோல் கொழுப்பானது.

*

படைகளைப் பொறுத்தவரை கொழுப்பின் காலம் 19ஆம் நூற்றாண்டோடு முடிந்தது. 1880களில் சுவிஸ் நாட்டின் ரூபின் ஈயக் குண்டுக்குச் செப்பு உறை போட்டார். அதே பத்தாண்டில் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தது. உறை போட்டால் ஈயம் எஃகில் அப்பாது, மெழுகு வேண்டாம். ஆனால் உறை போட்ட குண்டு மனித உடம்பிலும் சிக்காமல் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, எல்லைப்புறப் பழங்குடிகள் குண்டடி பட்டும் ஓடி வருகிறார்கள் என்று இந்தியாவின் ஆங்கிலேயப் படை குறைப்பட்டது. 1890களில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குண்டின் மூக்கில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே காட்டினால் அது உடம்புக்குள் விரிந்து கிழிக்கும். கண்டுபிடித்த இடம் அதே டம்டம் பட்டறை. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு அந்த வகைக் குண்டைத் தடைசெய்தது, ஊர்ப்பெயர் மட்டும் உலக அகராதிகளில் நிலைத்துவிட்டது. நடுவே இருக்கும் படலத்தைத் தடவுவதும் உரிப்பதும் சின்ன வேலை. அதை யார் உடம்பை மனத்தில் வைத்துச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொழுப்பும் மெழுகும் இன்று பொழுதுபோக்காளர்களிடம் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கேயும் அவை பின்வாங்குகின்றன. கடந்த சில ஆண்டுகளில் பலர் வண்ணப் பொடிக்கு மாறிவிட்டார்கள். இரும்புக் கட்டிலுக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் பூசுகிற அதே பாலியெஸ்டர் பொடி. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளையும் ஒரு கரண்டிப் பொடியையும் போட்டுக் குலுக்கினால் நிலைமின்சாரத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். ரொட்டி சுடும் சிறிய அடுப்பில் 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் உருகிப் படர்ந்து இறுகும். வெளியே எடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம். சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினாலும் பூச்சு உதிராமல் கூடவே நீளும். சுடும்போது மெழுகுப் புகை இல்லை, கையில் பிசுபிசுப்பு இல்லை. மெழுகு செய்த வேலை அத்தனையும் இந்தத் தோல் செய்கிறது.

அந்தக் குண்டுகளைக் குவியலாகப் பார்த்தால் மிட்டாய்க் கடை நினைவு வரும். அந்த இடத்தில்தான் எனக்கு நெருடுகிறது. கொழுப்புத் தடவிய குண்டு தன்னை மறைத்துக்கொள்ளவில்லை, தொட்டால் கை கறுக்கும், கழுவு என்று சொல்லும். பூச்சுப் போட்டது அப்படிச் சொல்வதில்லை. தொடும் கைக்கு ஈயம் ஏறாது என்பது உண்மையான லாபம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் குண்டு பாய்ந்த இடத்தில் பூச்சு கிழிந்து, உள்ளே இருப்பது சிதறத்தான் செய்யும். கலிபோர்னியாவில் வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற மிருகக் குடலைத் தின்ற காண்டர் கழுகுகள் அந்தச் சிதறலில் செத்தன. 1982இல் உலகம் முழுவதற்குமாக 22 காண்டர்களே மிஞ்சியிருந்தன. காப்பாற்றி வளர்த்து வெளியே விட்ட பிறகும் அவற்றை அதிகம் கொன்றது ஈய நஞ்சு. 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் துப்பாக்கியால் நடக்கும் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்று ஆக்கினார்கள்.

இங்கே வந்து சேரும்போது வீட்டுப் பட்டறைக்காரரின் மேல் நான் வைத்த மரியாதைக்கு ஓர் எல்லை தெரிகிறது. தன் கலவையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முழுதும் தெரியும். கலப்பவர், தொடுபவர், பயன்படுத்துபவர் மூவரும் அவரே. நான்காவது ஒரு ஆள் இருப்பதைத்தான் அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. குழலின் மறுமுனையில் இருப்பவர் அவர். அது மிருகமாக இருக்கலாம், மிச்சத்தைத் தின்னும் பறவையாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். செய்முறை அவரிடம் கேட்டுக்கொண்டு எழுதப்பட்டதல்ல. 1857இல் கர்னல்களின் கணக்கில் சிப்பாய் விடுபட்டார், சிப்பாயின் கணக்கில் கலாசி விடுபட்டார். விடுபடுகிறவர் யார் என்பது மாறிக்கொண்டே போகிறது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் விற்கும் பொட்டல உணவுகளில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்கு முதலில் பழுப்புப் புள்ளி, இப்போது பழுப்பு முக்கோணம் போடவேண்டும் என்று விதி இருக்கிறது. இதில் என்ன கலந்தது என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஓர் அரசு ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது. டக்கர் எழுதியதற்குக் கிடைத்த தாமதமான பதில் என்றுகூட அதைச் சொல்லலாம். ஆனால் புள்ளி வாங்குகிறவனின் வாய்க்காகப் போட்டது. கொழுப்பைக் காய்ச்சிய கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன கூலி, அது எந்தச் சொம்பில் தண்ணீர் குடிக்கிறது என்று அந்தப் புள்ளி சொல்லாது. தின்கிறவனின் தீட்டுக்கு விதி செய்ய நமக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தொடுகிறவனின் பக்கத்திலிருந்து அதே கேள்வியைக் கேட்கிற விதியை எழுத இன்னும் நாம் உட்காரவே இல்லை.